பாலையாவை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் நெகட்டிவ்களை வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், அவற்றை ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிலையத்தாருக்கும், இணையத்தில் ஏற்றும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

டி. எஸ். பாலையாவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. 1914-ல் பிறந்து 1972-ல் மறைந்த அந்த நடிகர் 36 ஆண்டுக் காலம் திரையில் செய்துவைத்த வேலை இன்று உங்கள் பிலிம் கேன்களிலும் கம்ப்யூட்டர்களிலும்தான் இருக்கிறது. அதைக் கையாளும் முறையில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. எல்லாமே திருத்தக்கூடியவை. எது எங்கே எப்படிக் கெடுகிறது என்பதைக் கணக்கோடு சொல்வதற்குத்தான் இந்த மடல்.

முதலில் அவர் என்ன செய்தார் என்பதை ஒரு முறை வரிசையாகப் பாருங்கள். 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் நாயகனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் நண்பனாக அறிமுகம். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். மறு ஆண்டே 'அம்பிகாபதி'யில் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனன். 1948-ல் வந்த 'மோகினி'யில் பாலையாவும் மாதுரி தேவியும் ஒரு ஜோடி, எம்.ஜி.ஆரும் வி. என். ஜானகியும் இன்னொரு ஜோடி. 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி'யில் நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணி. 1954-ல் 'தூக்குத் தூக்கி'யில் சேட்டு. 1956-ல் 'மதுரை வீரன்': எட்டே ஆண்டில் எம்.ஜி.ஆர் நாயகன், பாலையா வில்லன் நரசப்பன். 1959-ல் 'பாகப்பிரிவினை'யில் வீடு இரண்டாகும் குடும்பத்தின் அண்ணன். அதன்பிறகு வந்ததுதான் பெரிய அறுவடை. 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' விசுவநாதன், 1965-ல் 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 1967-ல் 'பாமா விஜயம்' அப்பா, 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் முத்துராக்கு.

வில்லன், நாயகன், தோழன், சேட்டு, அண்ணன், அப்பா, வித்துவான் என்று இத்தனை வகையும் ஒரே முகத்தில் வந்தன. நாயகனின் படத்தை யார் எப்படி வெட்டினாலும் அவருடைய பாட்டும் சண்டையும் தப்பிவிடும். குணச்சித்திர நடிகனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிறர் பேசும்போது அவன் கேட்கும் விதம், வசனம் முடிந்தபின் விடும் மூச்சு, படச்சட்டத்தின் (பிரேமின்) ஓரத்தில் அசையும் கை, காட்சியின் கடைசி இரண்டு விநாடி. அவன் நடிப்பு இருப்பது இந்த இடங்களில். நீங்கள் முதலில் கத்தரிப்பதும் இவற்றைத்தான்.

படச்சட்டத்தில் தொடங்குவோம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-ல், பாலையா மறைந்த மறு ஆண்டில். மேலே சொன்ன படங்கள் அத்தனையும் அதற்கு முந்தியவை, ஏறக்குறையச் சதுரமான, அகலம் 1.37-க்கு உயரம் 1 என்ற சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி 16-க்கு 9. இரு பக்கமும் கறுப்பு வரக்கூடாது என்று படத்தைப் பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழுமாக உயரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 போய்விடும். தியேட்டருக்கென்று ஸ்கோப்பாக மாற்றினால் நூற்றுக்கு 42. டிவிக்கு வந்த பழைய 4-க்கு 3 டேப்பையே மூலமாக எடுத்து எச்டி ஆக்குகிறீர்கள் என்றால் கணக்கு இன்னும் எளிது. 1920 அகலத்துக்கு நிரப்பினால் உயரம் 1440 வரிகள் ஆகும். திரை காட்டுவது 1080. தலைப்பக்கம் 180, கீழ்ப்பக்கம் 180 வரிகள் குப்பைக்குப் போகின்றன.

அந்தக் கீழ்ப்பக்க 180 வரிகளில் என்ன இருந்தது என்று 'தில்லானா மோகனாம்பாள்' கச்சேரிக் காட்சிகளில் பாருங்கள். தவில் உட்கார்ந்தவரின் மடியில் கிடக்கிறது. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. முத்துராக்கு நாதஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையசைக்கும் அதே கணத்தில் கை என்ன செய்கிறது என்பதில்தான் அந்தப் பாத்திரத்தின் பெருமிதம் இருக்கிறது. நிரப்பிய பிரதியில் தோளும் தலையும் ஆடும், கையைத் தேட வேண்டும். தவில் வாசிப்பவர் யாரும் அப்படி ஒரு பிரதியை ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்க்க மாட்டார்.

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி. தமிழ்நாட்டில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. துண்டுக் காட்சியாக இணையத்தில் சுற்றும்போது அது பெரும்பாலும் நாகேஷ் காமெடி என்றே பெயர் வாங்கிக்கொள்கிறது. நாகேஷின் திறமையில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தக் கதை பயமாக இருக்கிறது என்று நமக்குச் சொல்வது யார்? செல்லப்பாவாக வரும் நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்பிக்கொண்டு போக, பாலையாவின் பணக்கார எஸ்டேட் முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுபிள்ளை ஆகிறார். கண்கள் செல்லப்பாவை விட்டு விலகுவதில்லை, கழுத்து தோளுக்குள் இறங்குகிறது. பாலையாவுக்கு அங்கே வசனம் மிகக் குறைவு. அவர் கேட்பதை எடுத்துவிட்டால் நாகேஷின் வாய்ச்சத்தம் அந்தரத்தில் நிற்கும். தலைப்புப் போடுகிறவர் 'நாகேஷ், பாலையா' என்று இரண்டு பெயரையும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பேசுகிற முகத்தை மட்டும் பெரிதாக்கிச் செல்போனுக்கான நெட்டைச் சட்டத்தில் வெட்டிப் போடுவதும் நடக்கிறது. அதில் கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். 1080 உயரத்தில் 1480 அகலமாகப் படத்தை வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள். பூ வேலைப்பாடும் மங்கலான பின்னணிப் படமும் வேண்டாம், கண் அங்கே ஓடும். நிலையத்தின் முத்திரையை அந்தக் கறுப்புப் பட்டையில் வையுங்கள். முகத்தின் மேல் வைக்க வேண்டிய அவசியமே இராது.

அடுத்தது குரல். இதில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். நம் தொலைக்காட்சி முறை 25. பிலிமை டேப்புக்கு மாற்றும்போது 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவது பழைய வழக்கம். விளைவு: 160 நிமிடப் படம் 153½ நிமிடத்தில் முடியும், சுருதி அரைக் கட்டையில் முக்கால் பங்கு ஏறிவிடும். 'திருவிளையாடல்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடி பாலையா வாயசைத்த 'ஒரு நாள் போதுமா' மாண்டில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகும் ராகமாலிகை. சுருதிப்பெட்டியோடு கேட்பவருக்கு ஏற்றம் உடனே பிடிபடும். பிடிபடாமல் கெடுவது பேச்சு. ஹேமநாத பாகவதரின் கர்வம், இழுத்து, நிறுத்தி, எதிரே இருப்பவரைக் காக்க வைத்துப் பேசும் நிதானத்தில் இருக்கிறது. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடினால் அந்தக் காத்திருப்பு சுருங்கும், கனத்த குரல் மெலியும். நடிகர் வேறு ஆள் போல ஒலிப்பார், ஏன் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இணையத்துக்கு 25 தேவையே இல்லை. பிலிமிலிருந்து நேரே ஸ்கேன் செய்ததை 24-லேயே ஏற்றுங்கள். உங்களிடம் இருப்பது பீட்டாகேம் வீடியோ டேப் மட்டும்தான் என்றால், முதலில் டேப்பின் ஃபீல்டு வரிசை (ஒரு பிரேமின் இரண்டு பாதிகளில் எது முதலில் வரும் என்பது) மேலதா கீழதா என்று பார்த்துச் சரியாகப் பிரித்து 25 முழுப் பிரேம்களாக ஆக்குங்கள். வரிசை மாறினால் கையசைவு முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டித் தெரியும். பிறகு படத்தையும் ஒலியையும் சேர்த்தே 24-க்கு இறக்குங்கள். ஒலியை மட்டும் தனியே இறக்கினால் கடைசி ரீலுக்குள் உதடும் சொல்லும் நிமிடக்கணக்கில் விலகிவிடும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவோடு தொடுங்கள். பிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிவான அந்தக் கால ஆப்டிகல் ஒலித்தடத்தில் ஓர் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை எடுக்கலாம், தூசியால் வரும் படபடப்பை எடுக்கலாம். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒலியை முழுக்க அடைத்துவிடும் கேட் போட்டால் மூச்சும் கனைப்பும் 'ம்'மும் போய்விடும். பாலையாவின் 'ம்' ஒன்றுக்கு அவநம்பிக்கை, சம்மதம், மிரட்டல் என்று குறைந்தது மூன்று பொருள் உண்டு. 5.1 சூழொலியாக மாற்றி, புதுப் பின்னணி இசை சேர்த்துத் தியேட்டருக்குக் கொண்டுபோவது உங்கள் வியாபாரம். அதே கோப்பில் பழைய ஒற்றைத் தட மோனோ ஒலியை இரண்டாவது தடமாக வைத்துவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். படத்தில் செயற்கை நுண்ணறிவால் தோலை மழமழப்பாக்குவதையும் அருள்கூர்ந்து நிறுத்துங்கள். பிலிமின் மணிகள் (கிரெய்ன்) போகும்போது முகச்சதையின் நுணுக்கமும் சேர்ந்து போகிறது, மிஞ்சுவது மெழுகு.

தொலைக்காட்சியார் படத்தைக் குறைப்பதற்கு நேரம் ஒரு காரணம் என்பது புரிகிறது. மூன்று மணி நேர இடத்தில், மணிக்கு 12 நிமிட விளம்பரம் என்ற விதிப்படியே போனாலும் படத்துக்கு 144 நிமிடம்தான். 160 நிமிடப் படத்தை 25 வேகத்தில் ஓட்டினாலும் பத்து நிமிடம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடத்தை எங்கே எடுக்கிறார்கள்? பாட்டில் கை வைப்பதில்லை. பெயர்கள் ஓடும் தலைப்பு ஒன்றரை இரண்டு நிமிடம் போகும், கிளைக்கதை போகும், காட்சியின் வால் போகும். எல்லாம் துணை நடிகர்களின் கணக்கு. வெட்டத்தான் வேண்டும் என்றால் ஒளிபரப்புப் பிரதியில் மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பிரதியையே மூலமாக அலமாரியில் வைத்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து அதையே எச்டி என்று இணையத்துக்குத் தூக்கும் வழக்கம்தான் பெரிய சேதம்.

உங்கள் பிரதி முழுசா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் இருக்கும். அடிக்கணக்கு என்றால் 90-ஆல் வகுங்கள், மீட்டர் என்றால் 27.4-ஆல். வருவது 24 வேகத்தில் ஓடும் நிமிடம். 14,400 அடி என்றால் 160 நிமிடம். உங்கள் கோப்பு 146 நிமிடம்தான் ஓடுகிறது என்றால், அது 25 வேகக் கோப்பா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் ஆறரை நிமிடம் வேகத்தால் போனது, மீதி ஏழரை வெட்டு. சான்றிதழே வெட்டப்பட்டிருந்தால், அதுவே ஒரு பதில்.

பாலையாவுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அவர் போய் மூன்று ஆண்டு கழித்து. டிவிக்காக ஒரு நாள்கூட நடிக்காத ஆள், ஞாயிற்றுக்கிழமைப் படம் வழியாகவும் பின்னால் வந்த தனியார் நிலையங்கள் வழியாகவும் அடுத்தடுத்த தலைமுறைகளின் வீட்டு மனிதர் ஆனார். அவருடைய இரண்டாம் வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறோம்.

இனி நெகட்டிவ் உரிமையாளர்களுக்கு. 1951-க்கு முந்தைய பிலிம், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்தைப் பாருங்கள்: 'சேஃப்டி' என்று இருந்தால் அப்படிப் பற்றாத அசிடேட். கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். நைட்ரேட் தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அப்படி ஒரு கேன் கிடைத்தால் வீட்டிலிருந்தும் மற்ற கேன்களிலிருந்தும் தனியே பிரித்து, உடனே ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள்.

அசிடேட்டின் எதிரி புளித்த வாடை. கேனைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் பிலிம் அசிட்டிக் அமிலத்தை விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கும், பக்கத்துக் கேனுக்கும் தொற்றும். மூக்கை நம்பாமல் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைத் தாளைக் கேனுக்குள் போட்டு மூடி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விடுங்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால் தொடங்கிவிட்டது. அளவு 1.5-ஐத் தொட்டால் வேகம் பிடிக்கும் கட்டம், அந்தக் கேன்தான் ஸ்கேன் வரிசையில் முதல். மஞ்சள் என்றால் சுருங்கி நெளியப் போகிறது. நெடி வரும் கேன்களைத் தனி அறையில் வையுங்கள். துருப்பிடித்த தகரக் கேனை மாற்றிக் காற்று போகிற பிளாஸ்டிக் கேனில் இடுங்கள். 5 டிகிரி, 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் என்பது நீண்ட காலத்துக்கு ஏற்றது. சென்னையில் பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தும் அறை, ஏசி இல்லாத அறையைவிட மோசமாகக்கூடும். தினமும் கேனுக்குள் வியர்க்கும்.

'காதலிக்க நேரமில்லை' போன்ற ஈஸ்ட்மன்கலர் படங்களில் இன்னொரு சிக்கல். இருட்டில் வைத்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும். பிரிண்ட் முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான். அந்தப் பிரிண்டிலிருந்து நிறத்தை மீட்க முயல்வதைவிட, படப்பிடிப்பில் கேமராவில் ஓடிய நெகட்டிவைத் தேடுவதே மேல்.

ஸ்கேனுக்கு எடுக்கும் வரிசை: கேமரா நெகட்டிவ், அது இல்லையென்றால் அதிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவ், பிறகு அந்தப் பாசிட்டிவிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவ், கடைசியாகத்தான் தியேட்டர் பிரிண்ட். ஒலி நெகட்டிவைத் தனியே தேடுங்கள். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். கைச்சுற்று மேசையில் மெதுவாகச் சுற்றி ஒட்டுகளையும் கிழிந்த துளைகளையும் பாருங்கள். பிலிமின் சுருக்கம் நூற்றுக்கு 0.8-க்கு மேல் போனால் பல்சக்கரம் உள்ள இயந்திரம் துளைகளைக் கிழிக்கும், பல் இல்லாத ஸ்கேனருக்கே அனுப்புங்கள். ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். ஒவ்வொரு ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் தேய்ந்திருக்கும், அதிலும் தலைப்பு இருக்கும் முதல் ரீல் எல்லாப் பிரிண்டிலும் படுமோசம். ஆகவே ஒரு பிரிண்ட் கெட்டிருக்கிறது என்று படத்தையே கைவிட வேண்டாம். வேறு ஊரில் கிடக்கும் பிரிண்டின் முதல் ரீலும் இதன் ஏழாம் ரீலும் சேர்ந்து ஒரு முழுப் படம் ஆகலாம். கேன் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே இருக்கும் ரீலைச் சரிபாருங்கள், மாறிக் கிடப்பது சாதாரணம்.

160 நிமிடம் என்றால் 2,30,400 பிரேம். 2கே, 10 பிட்டில், பிரேமுக்கு ஒரு படமாகச் சேமிக்கும் டிபிஎக்ஸ் கோப்பாக ஏறத்தாழ 3 டெராபைட், 4கே என்றால் 12 டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஹார்டுடிஸ்க் ஒன்றில் போட்டுப் பீரோவில் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது. கம்ப்யூட்டர் தரவைச் சேமிக்கும் எல்டிஓ டேப்பில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வையுங்கள்.

உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய தேதியும் ஒன்று இருக்கிறது. சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'க்கு 2024 டிசம்பரோடு கணக்கு முடிந்துவிட்டது, 'திருவிளையாடல்' படத்துக்கு 2025 டிசம்பர் வரை, 'தில்லானா'வுக்கு 2028 டிசம்பர் வரை. உரிமை போனபின் நெகட்டிவுக்கு வாடகை கட்ட யாருக்கும் மனம் வராது. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற நிலையில் எல்லோரும் ஏற்றுவது அதே தேய்ந்த டேப்பைத்தான். அதற்குள் புனேயில் 1964 முதல் இயங்கிவரும் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் நெகட்டிவை ஒப்படைத்துவிடுவது நல்லது. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் போன்றவை கையில் இருந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

கடைசியாகப் பெயர்ப் பட்டியல். படத்தோடு நீங்கள் எழுதும் விவரத்தில் நாயகன், நாயகி, இசையமைப்பாளர் மூன்று பெயர் இருக்கிறது. தலைப்பில் ஓடும் எல்லாப் பெயரையும் அது ஓடும் வரிசையிலேயே எழுதுங்கள், எழுத்துக்கூட்டலை மாற்றாமல். எம்.ஜி.ஆரே தொடக்க காலத்தில் 'எம். ஜி. ராம்சந்தர்' என்றுதான் தலைப்பில் வந்தார், நடிகர் டி. ஆர். ராமச்சந்திரன் அப்போது பெரிய பெயர், அவரோடு குழம்பக்கூடாது என்பதற்காக. இன்றைய வழக்குக்குத் திருத்தி எழுதினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். நடிகர் பெயருக்கு எதிரே பாத்திரத்தின் பெயரை எழுதுங்கள். தலைப்பில் பாத்திரப் பெயர் இல்லையென்றால் பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலும் கிடைக்கும். ஆண்டைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள், 'அம்பிகாபதி' 1937-லும் உண்டு, 1957-லும் உண்டு. ஆண்டு இல்லாத பட்டியலில் ஒருவர் படம் இன்னொருவர் கணக்கில் ஏறுவது இப்படித்தான். சான்றிதழ்த் தேதி ஒரு ஆண்டின் டிசம்பரிலும் வெளியீடு மறு ஆண்டின் ஜனவரியிலும் இருக்கக்கூடும், இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

இவ்வளவையும் எல்லாப் படத்துக்கும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. கறுப்புப் பட்டையும் 24 பிரேமும் வெட்டாத தலைப்பும் செலவு இல்லாதவை, அடுத்து ஏற்றும் படத்திலிருந்தே தொடங்கலாம். ஏ-டி ஸ்ட்ரிப் சோதனையை 'மோகினி', 'வேலைக்காரி', 'தூக்குத் தூக்கி' கேன்களில் தொடங்குங்கள், வயதில் மூத்த படங்களில் அவையும் சேரும். கேன்களைத் திறந்து பார்க்க, ரீல் எண்களைச் சரிபார்க்க, தலைப்புகளைப் படித்து எழுத ஆள் வேண்டுமென்றால் கூலி இல்லாமல் வந்து செய்யத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பழைய தமிழ்ப் படங்களைச் சரிபார்த்துப் பதிவு செய்துவரும் ஆர்வலர்கள்